விளிம்பில் இருக்கிறது பெயர்: முதல் உலகப் போர்ப் பதக்கத்தை வைத்துப் படைப்பிரிவைத் தேடும் முறை

மதுரை தெற்காவணி மூல வீதியில் பழைய வெள்ளி எடுக்கும் கடைத் தட்டில், அறுந்த கொலுசுக்கும் நசுங்கிய குங்குமச் சிமிழுக்கும் நடுவே குதிரைவீரன் பொறித்த கனத்த வட்ட வெள்ளி ஒன்று கிடந்தால் உருக்க விட்டுவிடாதீர்கள். அது 1914–1918 போருக்குக் கொடுத்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கமாக இருக்கலாம். உருக்கினால் சுமார் ஒரு அவுன்ஸ் வெள்ளிதான் மிஞ்சும். விளிம்பில் பெயரோடு இருக்கும் மனிதர் போய்விடுவார். 1980-ல் வெள்ளி விலை எகிறியபோது உலகெங்கும் இந்தப் பதக்கங்கள் ஏராளமாக உருக்குக்குப் போயின.

முதலில் எது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் 36 மி.மீ. விட்டம், ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரைவீரன், 1914, 1918 என்ற ஆண்டுகள். தொழிலாளர் படையினருக்கு இதே வார்ப்பில் வெண்கலப் பதக்கம் கொடுத்தார்கள். அதைப் போலி என்று ஒதுக்க வேண்டாம், வெள்ளியைவிட அரிது. வெற்றிப் பதக்கம் வெண்கலம். சிறகு விரித்த பெண் உருவம், வானவில் நிற ரிப்பன். அதன் பின்புறம் 1914–1919 என்று இருக்கும். 1918 இல்லையே என்று குழம்ப வேண்டியதில்லை. 1914–15 நட்சத்திரப் பதக்கத்துக்கு எழுத இடம் தரும் விளிம்பு கிடையாது, பெயர் பின்பக்கத்தில் இருக்கும். வெற்றிப் பதக்கத்தைத் தனியாக யாருக்கும் கொடுத்ததில்லை. ஆகவே ஒரு வீட்டில் அது மட்டும் இருந்தால் கூடவே வந்த வெள்ளிப் பதக்கம் விற்றோ அடகுக்கோ போயிருக்கலாம். வீட்டாரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

கையில் எடுத்ததும் தேய்க்காதீர்கள். நம் வீடுகளில் வெள்ளிக்கு விபூதியும் வெண்கலத்துக்குப் புளியும் போடுகிற பழக்கம்தான் பதக்கத்தின் பெரிய எதிரி. விபூதி நுண்ணிய உப்புத்தாள் போல அரைக்கும், புளியின் அமிலம் மேற்பரப்பை அரிக்கும். எழுத்தின் ஆழம் மிகக் கொஞ்சம்தான். நாலு தீபாவளிக்குப் பளபளப்பாக்கினால் ஐந்தாவது தீபாவளிக்கு எண் வாசிக்க முடியாது. காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென் சோப்பு விட்டுப் பஞ்சால் ஒற்றி, உடனே ஈரம் போக உலர்த்தினால் போதும். கறுப்பேறியிருந்தால் இருக்கட்டும். பள்ளத்தில் கறுப்பு தங்குவதால்தான் எழுத்து தெரிகிறது.

வாசிக்க 10 மடங்கு லென்ஸும் ஒரு சின்ன டார்ச்சும் வேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை விளிம்புக்கு ஏறக்குறைய இணையாகச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் பள்ளம் மறைந்துவிடும். பதக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஏழெட்டுப் படம் எடுத்து வரிசையாக அடுக்குங்கள். தேய்ந்த இடத்தில் மெல்லிய தாளைச் சுற்றிப் பென்சிலைப் படுக்கவைத்து உரசினால் கண்ணுக்குத் தப்பிய எழுத்தும் வரும். வரிசை இதுதான்: எண், பதவி, பெயர், படைப்பிரிவு. மூன்றுக்கும் எட்டுக்கும், ஒன்றுக்கும் ஏழுக்கும் சந்தேகம் வந்தால் இரண்டையும் குறித்து வையுங்கள், ஊகித்து ஒன்றை எழுதாதீர்கள்.

படைப்பிரிவு எண்ணில் ஒரு கணக்கு உண்டு. 1903-ல் அன்றைய இந்தியத் தலைமைத் தளபதி கிச்னர் படைகளுக்குப் புது எண் கொடுத்தபோது மதராஸ் காலாட்படைகளின் பழைய எண்ணோடு 60 கூட்டப்பட்டது. 3-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி 63 ஆயிற்று, 23-ஆவது வாலாஜாபாத் 83 ஆயிற்று. 73, 75, 79 என்ற எண்களோடு ‘கர்நாடிக்’ இருந்தால் நம் பக்கத்து ஆள் என்று நம்பித் தேடலாம். ஆனால் 66, 67, 69, 72 என்று பார்த்து அவசரப்படாதீர்கள். அவற்றின் வேர் மதராஸ் படையில் இருந்தாலும், 1903 வாக்கில் பஞ்சாபிப் படைகளாகிவிட்டன. ‘எஸ். அண்டு எம்.’ என்று முடிந்தால் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ், அதாவது ராணுவப் பொறியாளர் படை. முன்னால் 2 இருந்தால் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ்.

இனி ஆளைத் தேடுவது. எண்ணைப் பிடித்துப் போங்கள், பெயரை நம்பாதீர்கள். முத்துசாமியைக் குமாஸ்தாக்கள் நாலு விதமாக எழுதியிருப்பார்கள், ஒரே படையில் ஐந்து முத்துசாமியும் இருப்பார்கள். எண்ணும் அந்தப் படைக்குள் மட்டும்தான் செல்லும்; வேறு படைக்கு மாறியவருக்குப் புது எண். போரில் இறந்தவரென்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் எண்ணும் படையும் போட்டுத் தேடுங்கள். பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் தாலுகாவும் உண்டு. மாவட்டத்தை ‘மதுரா’, ‘ராம்நாட்’ என்று அன்றைய வழக்கிலேயே தேட வேண்டும். ராமநாதபுரம் 1910-ல் தனி மாவட்டமானது. திண்டுக்கல்லும் பெரியகுளமும் அன்று மதுரை மாவட்டம், ஸ்ரீவில்லிபுத்தூரும் அருப்புக்கோட்டையும் ராம்நாட். பெயரைக் கண்டதும் கதை சேர்த்துவிடக் கூடாது. 63-ஆம் படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் சண்டையிட்டது. ஆனால் உங்கள் சிப்பாய் 1917-ல் சேர்ந்தவராக இருக்கலாம். 1914–15 நட்சத்திரம் கூட இருக்கிறதா என்று பாருங்கள், அது அந்த ஆண்டுகளிலேயே போர்முனைக்குப் போனவர்களுக்குத்தான்.

உயிரோடு திரும்பியவரைத் தேடுவது கடினம். வீட்டு டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் சர்ட்டிஃபிகேட்டோ பென்ஷன் தாளோ இருந்தால் அதுதான் முதல் சாட்சி. சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில் மதராஸ் எஞ்சினியர் குரூப்புக்கு எழுதலாம். இன்றைய மதராஸ் ரெஜிமென்ட் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. பழைய காலாட்படைகளின் தாள்கள் அதன் மையமான நீலகிரி வெலிங்டனில் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வாங்கும் முன் வெர்னியர் காலிப்பரால் மேலிருந்து கீழாகவும் குறுக்காகவும் அளந்து பாருங்கள். பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டு வேறு பெயர் குத்தியிருந்தால் ஒரு பக்கம் விட்டம் குறையும், விளிம்பின் முனையும் மழுங்கியிருக்கும். பற்றவைத்த வளையம் வேறு விஷயம். தாத்தாவின் பதக்கத்தைப் பேரன் கழுத்தில் மாட்ட வளையம் வைத்திருப்பார்கள். அதை எடுக்கப் போனால் விளிம்பெழுத்தும் சூட்டில் கெடும்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு முன் பி.வி.சி. உறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள், அது வெண்கலத்தில் பச்சை பூக்கவைக்கும். பாலியஸ்டர் உறையும் சிலிகா ஜெல் பொட்டலமும் போதும். நூறாண்டு கடந்த பதக்கம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும், அப்படியானால் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் விலை பேசினால் இதைச் சொல்லிவிடுங்கள்.