ஒன்றரை ஷிப்டுக்கு எத்தனை சம்பளம்?

பவர் டேபிள் (மோட்டார் தையல் மிஷின்) போட்டு, அடுத்தவங்க துணியைக் கூலிக்குத் தைக்கற ஜாப் ஒர்க் எடுக்கலாம்னு இருக்கீங்களா? திருப்பூர்ல 14 மிஷின், 22 ஆளுன்னு ஓட்டிட்டு இருக்கறவன் சொல்றேன்: மிஷின் வாங்கறதுக்கு முன்னாடி, ஆளுங்க வேலை நேரமும் சம்பளமும் எழுத ஒரு நோட்டு வாங்குங்க. ஒண்ணே ஒண்ணு.

வேலை நேரம், சம்பளம் சரியான்னு பார்க்க வர்ற ஆடிட்டுக்குக் காட்ட ஒரு நோட்டு, சனிக்கிழமை சம்பளம் போட இன்னொண்ணுன்னு நானும் வெச்சிருந்தவன்தானுங்க. ஒருக்கா ஆடிட்டுக்கு வந்தவர் செக்கிங் அக்காகிட்ட, "நேத்து எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீங்க?"ன்னு கேட்டார். அந்தக்கா என் மூஞ்சியப் பார்த்துச்சு. அப்புறம், "அஞ்சரைக்குங்க"ன்னுச்சு. முந்தின நாள் ராத்திரி ஒன்பதரை வரைக்கும் அது பக்கத்துல நின்னு நான்தான் பீஸ் எண்ணிட்டு இருந்தேன்.

அந்த வாரத்தோட காட்டற நோட்டை நிறுத்தினேன். நிறுத்தினதும் கணக்கு இடிச்சுது. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். மேல நாலு மணி நேரம் இருந்தா ஒன்றரை ஷிப்ட் சம்பளம். இது ஊர் வழக்கம். சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். ஷிப்டுக்கு 600 ரூபாய்னா மணிக்கு 75, ஓவர்டைமுக்கு 150. நாலு மணி நேரத்துக்கு 600. ஆக அந்த ஆளுக்கு நாம தர வேண்டியது ரெண்டு ஷிப்ட் சம்பளம், ஒன்றரை இல்லை.

இதை ரேட் பேசும்போதே போட்டுப் பாருங்க. 20 பேர், தலைக்கு 300 குறையுது, ஆறு ராத்திரி: 36,000. ஆர்டர் 9,000 பீஸ்னா பீஸுக்கு நாலு ரூபாய். ஆர்டர் தர்ற கம்பெனியோட மெர்ச்சண்டைசர்கிட்ட அந்த நாலு ரூபாயைக் கேளுங்க. தர மாட்டேன்னா டெலிவரிக்கு நாலு நாள் சேர்த்துக் கேளுங்க. ரெண்டும் இல்லைன்னா அவங்க வெட்டி அனுப்பற துணிக்கட்டை, கட்டிங் பண்டலை, எறக்காதீங்க. எனக்கு ரெண்டு ஆர்டர் அப்படிப் போச்சு. ஒண்ணு பதினஞ்சு நாள்ல திரும்பி வந்துச்சு.

பத்துப் பேர் ஆயிட்டாலே ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு, கட்டணும். நம்ம பங்கு 3.25 சதவீதம், அவங்க பங்கு 0.75. மாசம் 15,600 வாங்கறவங்களுக்கு நம்ம கையிலிருந்து 507 ரூபாய். "புதுசா வந்தவன், ரெண்டு மாசம் போகட்டும்"னு நான் விட்ட பையனுக்குத்தான் ஓவர்லாக் தையல் மிஷின் ஊசி விரல்ல ஏறுச்சு. வேகம் குறையுதுன்னு ஊசி விரல்ல படாம இருக்கற தடுப்பை, நீடில் கார்டை, கழட்டி வெச்சிருந்தான். அதைப் பார்த்தும் பேசாம இருந்தது நான். ஆஸ்பத்திரிச் செலவை நானே கட்டினேன். 20 பேர் ஆனா பி.எப்.பும் உண்டு, அதை உங்க ஆடிட்டர் பார்த்துக்குவார்.

துணி எந்தச் சாயப்பட்டறையில ஏறுச்சுன்னும் ஒரு வார்த்தை கேட்டு வைங்க. தைக்கறவனுக்கு அது எதுக்குன்னு சிரிப்பாங்க. நான் ஒரத்துப்பாளையம் பக்கத்தவன். பாசனத்துக்குன்னு நொய்யல்ல கட்டின அணை சாயத்தண்ணிக் குட்டையா நின்னதைப் பார்த்தவன். 2011-ல ஐகோர்ட் சொல்லித்தான் சாயப்பட்டறைகளை மூடினாங்க.

கடைசியா, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு பண்ணிக்கங்க. எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைக்கு மேல உங்க பில்லை இழுக்கக் கூடாதுன்னு 2006-லயே சட்டம் வந்தாச்சு. இழுக்கத்தான் செய்வாங்க. அதைக் காட்டிச் சனிக்கிழமைச் சம்பளத்தைத் தள்ளாதீங்க, ஒடிசாப் பசங்க ஞாயித்துக்கிழமை ஊருக்குப் பணம் போடணும். ஒரு வாரச் சம்பளம் பேங்க்ல தனியாக் கிடக்கட்டும். என்னோடது 80,000. ஒரே ஒருக்கா தொட்டேன், மாமனார் ஆபரேஷனுக்கு. அந்தச் சனிக்கிழமை வரைக்கும் தூக்கமே இல்லைங்க.