பல துறை ஆய்வுக் குழுவுக்குத் தலைமை ஏற்கும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் உள்ள குளுவாங் வட்டாரத்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களுக்குப் பல்கலைக்கழக வேன்கள் வருவது புதிதல்ல. முன்பெல்லாம் ஒருவர் மண்ணை எடுத்துப் போவார், இன்னொருவர் பூச்சியைப் பிடித்துப் போவார். ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாது. இன்று ஒரே வேனிலிருந்து நுண்ணுயிரியல், சூழலியல், புள்ளியியல், சமூகவியல் என நான்கு துறை மாணவர்கள் இறங்குகிறார்கள். தோட்டத்தில் எழும் கேள்விகள் எந்த ஒரு துறைக்குள்ளும் அடங்காதவை என்பதால் இது நல்ல மாற்றம். ஆனால் அந்த நால்வரில் மூத்தவர் யாரோ, அவர் தலையில் குழுத் தலைவர் பொறுப்பு வந்து விழுகிறது. ஆய்வுக்கூடக் கருவிகளைக் கையாள அவருக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்திருப்பார்கள். நான்கு பேரை ஒன்றுசேர்த்து ஒரு வேலையை முடிப்பதற்கு ஒரு நாள் பயிற்சிகூடப் பெரும்பாலும் கிடைத்திருக்காது.

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் வளர்ந்து, குடும்பத்திலேயே முதல் ஆளாக முனைவர் பட்டம் வரை போகும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இந்தப் பொறுப்புக்கு வரும்போது தடுமாறக் கூடாது என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன். அவர்களைத் தடுமாற வைக்கும் தவறுகள் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன. யாருக்கு என்ன தெரியும் என்று கேட்டறிவதற்கு முன்பே முடிவெடுத்துவிடுவதுதான் அந்த வேர்.

அதிகம் படித்தவர் சொல்வதே சரி என்று இருந்துவிடுவது

இந்த நினைப்பால் எத்தனை காலம் வீணாகும் என்பதற்குக் குளுவாங்கிலேயே சான்று இருக்கிறது. செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். அதன் மகரந்தத்தைக் காற்றுதான் சுமந்து செல்கிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால் மலேசியத் தோட்டங்களில் காய்ப்பிடிப்பு போதவில்லை. எனவே தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று, ஆண் பூவின் மகரந்தத் தூளைப் பெண் பூக்களின் மேல் தூவிக்கொண்டிருந்தார்கள்.

யூனிலீவர் நிறுவனத்தின் தோட்ட நிர்வாகியான லெஸ்லி டேவிட்சன், மலேசியாவிலும் கேமரூனிலும் பணியாற்றியவர். கேமரூனில் யாரும் மகரந்தம் தூவுவதில்லை, ஆனாலும் குலைகள் நிறைந்து காய்த்தன. பூக்களில் சின்னஞ்சிறு வண்டுகள் மொய்த்துக்கொண்டிருந்தன. இதை அவர் கண்ணால் பார்த்தார். காற்றுதான் காரணம் என்று நிபுணர்கள் உறுதியாகச் சொன்னதால், அவருடைய சந்தேகம் பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. நிறுவனத்தில் உயர்ந்த பொறுப்புக்கு வந்த பிறகுதான், 1970களின் பிற்பகுதியில், பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூனுக்குச் சென்று ஆராய வழி பிறந்தது. எலைடோபியஸ் கேமரூனிகஸ் என்ற கூன்வண்டே முக்கியமாக மகரந்தத்தைச் சுமக்கிறது என்பது அந்த ஆய்வில் தெளிவானது. வேறு பயிர்களுக்கு அதனால் தீங்கு வருமா என்று சோதித்து, தனிமைப்படுத்தி வளர்த்து, 1981-இல் குளுவாங்கின் பாமோல் தோட்டத்தில் அந்த வண்டை விட்டார்கள். காய்ப்பிடிப்பு உயர்ந்தது, கையால் தூவும் வேலை நின்றது.

இன்றும் பூத்து நிற்கும் ஆண் பூங்கொத்தின் அருகே போனால் சோம்பு வாசம் மூக்கில் ஏறும். கதிர் ஒன்றை லேசாகத் தட்டினால் மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள கரும்பழுப்பு வண்டுகள் உள்ளங்கையில் கொட்டி ஓடும். புதிதாக வரும் ஆய்வுக் குழுக்கள் முதல் நாளே இதைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

டேவிட்சன் பூச்சியியல் படித்தவர் அல்லர். தான் கண்டதைச் சோதித்துச் சொல்லக்கூடியவரை அழைத்து, அந்த வேலைக்கு வேண்டிய காலத்தையும் பணத்தையும் கொடுத்தார். குழுத் தலைவராகும் மாணவரும் இதிலிருந்து தொடங்கலாம். முதல் கூட்டத்தில் ஆய்வுத் திட்டத்தை விரித்து வைத்து விளக்குவதற்கு முன், ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இந்த விஷயத்தில் உங்களுக்குத் தெரிந்து எங்களுக்குத் தெரியாமல் இருப்பது என்ன?" வரும் பதில்களை எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும். வேன் ஓட்டுநரிடமும் இதைக் கேட்கலாம். மழைக்காலத்தில் தோட்டத்துச் சாலையில் எதுவரை வண்டி போகும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

முதல் விளக்கத்தோடு குழுவைக் கட்டிப்போடுவது

1998-இல் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணையாளர்களிடையே மூளைக்காய்ச்சல் பரவியது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வரை பரவியது.

பொருந்தாத செய்திகள் களத்தில் கிடக்கத்தான் செய்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றிகளைத் தொட்டு வேலை செய்யும் பெரியவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். அக்கம்பக்கத்தில் வாழ்ந்தாலும் பன்றிகளின் அருகே போகாதவர்களுக்கு நோய் அரிதாகவே வந்தது. பன்றிகளும் கடுமையாக இருமிக்கொண்டிருந்தன. மருத்துவர் ஒரு துண்டையும் கால்நடை மருத்துவர் ஒரு துண்டையும் பண்ணைக்காரர் ஒரு துண்டையும் கையில் வைத்திருந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்த பிறகே பாதை மாறியது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது நிப்பா வைரஸ் ஆனது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

அன்று உழைத்தவர்களைக் குறை சொல்ல இதை எடுத்துக்காட்டவில்லை. நெருக்கடியில் தெரிந்த நோயின் பெயரைப் பிடித்துக்கொள்வது இயல்பு. பயிற்சிக் காலத்தில் இருக்கும் மாணவருக்கு அத்தகைய நெருக்கடி இல்லை. ஆகவே ஒவ்வொரு கூட்டத்திலும் பத்து நிமிடத்தை ஒரே கேள்விக்கு ஒதுக்க முடியும்: நம் விளக்கத்தோடு ஒட்டாமல் நிற்பது எது? கேட்பதோடு விட்டுவிடாமல், அந்தப் பதிலைத் தேடிக் கொண்டுவரும் பொறுப்பை வாரம் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். எப்போதும் ஒரே ஆள் மறுத்துப் பேசிக்கொண்டிருந்தால் அவரைக் குழு வெறுக்கத் தொடங்கிவிடும்.

சில துறைகளைக் கடைசியில் அழைப்பது

எலிக்காய்ச்சலைப் பற்றி ஒரு குழு ஆராய்கிறது என்று வைத்துக்கொள்வோம். எலிகளின் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா கிருமி, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் தங்கி, காயத்தின் வழியாகவோ கண், வாய் வழியாகவோ உடலுக்குள் புகும். மலேசியாவில் 2010 முதல் இது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழங்களைத் தேடி எலிகள் பெருகும். கேள்வி நல்ல கேள்வி.

சூழலியல் மாணவர் பொறி வைக்கிறார், நுண்ணுயிரியல் மாணவர் கிருமியைத் தேடுகிறார். எல்லாம் முடிந்த பிறகு புள்ளியியல் மாணவரிடம் எண்களைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். பொறிகள் அனைத்தும் சாலையோரமாக ஒரே பகுதியில் வைக்கப்பட்டிருந்தால் அவரால் என்ன செய்ய முடியும்? அங்கே நூறு எலி பிடித்தாலும் அது அந்த ஒரு பகுதியின் நிலைமையைத்தான் சொல்லும், தோட்டத்தின் நிலைமையைச் சொல்லாது. சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரை அழைப்பது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனைக்கு அழைப்பதுதான், சோதனை எதனால் செத்தது என்று அவர் சொல்லக்கூடும் என்று 1938-இல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் ரொனால்டு ஃபிஷர் பேசினார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பிரேதப் பரிசோதனை நடந்துகொண்டே இருக்கிறது.

சமூகவியல் மாணவரின் நிலை இதைவிட மோசம். கேள்வித்தாள் அச்சடித்துத் தருபவராக மட்டுமே அவரைக் கருதுகிறார்கள். பிரட்டு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) முடிந்த கையோடு, மண்டோர் என்ற மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்க, "வேலைக்குப் பூட்ஸ் போடுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதே ஆளை மாலையில் அவர் வீட்டு வாசலில் சந்தித்தால், பூட்ஸ் கிழிந்து எவ்வளவு நாளாகிறது என்று எடுத்துக் காட்டுவார். எங்கே, எப்போது, யார் இல்லாதபோது கேட்க வேண்டும் என்பது ஒரு துறையின் முழு அறிவு. இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் என்று பல நாட்டுத் தொழிலாளர்கள் வேலை செய்யும் இன்றைய தோட்டங்களில் எந்த மொழியில் கேட்பது என்பதும் அதில் சேரும். ஆய்வுத் திட்டம் வெறும் தாளாக இருக்கும்போதே நால்வரும் அதன் மேல் கை வைத்திருக்க வேண்டும்.

மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்த மரியாதை அழகானது, அதை இழக்க வேண்டியதில்லை. ஆனால் மேற்பார்வைப் பேராசிரியர் முன்னிலையில் முதலாண்டு மாணவி வாய் திறக்காமல் இருந்தால், அவருக்குத் தெரிந்த பிழை அவரோடு போய்விடும். அக்கா, அண்ணன் என்று அழைக்கப்படும் மூத்த மாணவர்தான் இங்கே இடைவெளியை நிரப்ப முடியும். கூட்டத்துக்கு முதல் நாளே ஒவ்வொருவரும் தங்கள் கருத்தை மூன்று வரியில் எழுதி அனுப்பச் சொல்லலாம். கூட்டத்தில் இளையவரை முதலில் பேசச் சொல்லி, பேராசிரியரைக் கடைசியில் பேசும்படி பணிவோடு கேட்டுக்கொள்ளலாம். காரணத்தை விளக்கினால் நல்ல பேராசிரியர்கள் மறுப்பதில்லை. ஆங்கிலத்தில் தயங்குகிறவர் மலாயிலோ தமிழிலோ சொல்லட்டும். மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல யாராவது இருப்பார்கள்.

பெயர் வரிசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

பல துறைக் குழுக்களில் நட்பு முறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உயிரியல், மருத்துவக் கட்டுரைகளில் அதிகம் உழைத்தவர் பெயர் முதலிலும் குழுவை நடத்திய பேராசிரியர் பெயர் கடைசியிலும் வருவது வழக்கம். கணிதத்திலும் பொருளாதாரத்திலும் பெரும்பாலும் அகர வரிசைதான். எனவே கடைசிப் பெயர் ஒருவருக்குக் கௌரவமாகவும் இன்னொருவருக்கு அவமானமாகவும் தெரியும். இருவரும் நேர்மையானவர்களாக இருந்தாலும் சண்டை வரும்.

களப்பணி தொடங்கும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள். எத்தனை கட்டுரைகள் வரக்கூடும், ஒவ்வொன்றையும் யார் எழுதுவார், தரவு யாரிடம் இருக்கும், யார் பட்டம் பெற்றுப் போன பிறகும் அதைப் பயன்படுத்தலாம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். யார் என்ன செய்தார் என்று குறிக்க ஆய்விதழ்கள் பயன்படுத்தும் 'கிரெடிட்' என்ற முறை, கருத்துருவாக்கம், தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு, எழுத்து என 14 வகைப் பங்களிப்புகளைப் பிரித்துக் காட்டுகிறது. அந்தப் பட்டியலையே பேச்சுக்கு அடிப்படையாக வைக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்தத் தாளைத் திரும்பப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வேலை மாறும்.

பயிலரங்கச் சான்றிதழோடு நிறுத்திக்கொள்வது

அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 1997-இல் தொடங்கிய ஐஜெர்ட் திட்டம், பல துறை முனைவர் பயிற்சிக்கென்றே பல்கலைக்கழகங்களுக்கு நிதி கொடுத்தது. வெவ்வேறு துறை மாணவர்களை ஒரே சிக்கலின் மேல் சேர்ந்து வேலை செய்ய வைப்பதுதான் அதன் அடிப்படை எண்ணம். இரண்டு நாள் பயிலரங்கில் இது வந்துவிடாது. குழுவுக்குள்ளேயே சிறு பொறுப்புகளைச் சுற்றில் விடுவது நல்ல பலன் தரும். ஒரு மாதம் செலவுக் கணக்கு ஒருவரிடம், அடுத்த மாதம் தோட்ட அலுவலகத்தோடு பேசும் வேலை அவரிடம், அதற்கடுத்த மாதம் கூட்டத்தை நடத்துவது. மூத்தவரே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்தால் அவர் போன மறுநாள் குழு நின்றுவிடும்.

தோட்டத்தாரைக் குழுவுக்கு வெளியே நிறுத்துவது

தோட்ட நிர்வாகியிடம் எழுத்து மூலமான அனுமதியும், மனிதர்கள் பங்கேற்கும் ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அலுவலகக் கிராணிக்கும் (எழுத்தர்) மண்டோருக்கும் தேதியைச் சொல்ல வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். குலை வெட்டும் சுற்று எந்தப் பகுதியில் நடக்கிறது, மருந்து அடித்த இடம் எது என்பது தெரியாமல் மாணவர்களை உள்ளே அனுப்புவது ஆபத்தும்கூட. தலைமை ஏற்பவர் இதற்கு நேரில் போய்ப் பேச வேண்டும், செய்தி அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

ஆய்வு முடிந்ததும் முடிவைக் கொண்டுவந்து சொல்வதற்கான நாளைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும், அதற்கான வேன் செலவையும் நிதிக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். தோட்ட மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். எந்த இடத்து எலிகளில் கிருமி இருந்தது, எந்த வேலைக்குக் கையுறை கட்டாயம், காய்ச்சல் வந்தால் மருத்துவமனையில் "நான் தோட்டத்தில் வேலை செய்கிறேன்" என்று ஏன் முதலிலேயே சொல்ல வேண்டும் என்பதைத் தமிழிலும் மலாயிலும் சொல்லட்டும். அன்று பேசும் பொறுப்பைக் குழுவில் இளையவரிடம் கொடுத்துவிட்டு, தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்து தொழிலாளர்கள் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த ஆய்வுத் திட்டத்தை அந்தக் கேள்விகளிலிருந்து எழுதலாம்.