ஜப்பானில் முதல் வருஷம்: சாப்பாடும் பண்டிகையும்

ஜப்பானுக்கு வந்த புதிதில் சைவக்காரர்கள் ஹோட்டலில் கேட்பது, "இதில் இறைச்சி இருக்கிறதா?" கேள்வியே தப்பு. கடைக்காரர் மனசாரத்தான் "இல்லை" என்பார்; கிண்ணத்தில் மீன் சாறு இருக்கும். காய வைத்துப் புகையூட்டிய கட்சுவோ மீனை மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் போட்டு வடிக்கிற தாஷிதான் இங்கே சமையலுக்கு அடிப்படை. மிசோ சூப், சோபா நூடுல்ஸ், வேகவைத்த காய்கறி என்று எதிலும் இருக்கும். வறுத்த தோஃபு மட்டும் மிதக்கிற கித்சுனே உதோன் என்கிற நூடுல்ஸைப் பார்த்தால் சுத்த சைவம் மாதிரிதான் தெரியும், நம்பாதீர்கள். "சகானா நோ தாஷி வா ஹைத்தே இமாஸ் கா?" என்று கேளுங்கள். மீன் சாறு சேர்ந்திருக்கிறதா என்று கேட்பது அது.

வீட்டில் கவலையே இல்லை. கொம்பு என்கிற கடற்பாசித் துண்டையும் காய்ந்த ஷீதாக்கே காளானையும் தண்ணீரில் போட்டு இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் சைவ தாஷி தயார். ரசத்துக்கும் ஊற்றலாம், நன்றாகவே இருக்கும். அசைவம் சாப்பிட்டாலும் பன்றி ஆகாது என்றால் தோன்கோட்சு ராமென் என்கிற நூடுல்ஸ் சூப் பக்கம் போகாதீர்கள். அந்தச் சாறே பன்றி எலும்பில்தான்.

சாப்பிடும்போது குச்சிகளைச் சோற்றில் நட்டு வைக்கக் கூடாது. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி வைப்பார்கள்.

அப்புறம் புத்தாண்டு. இங்கே பெரிய பண்டிகை அதுதான், ஆனால் வெளியூர்க்காரருக்கு ஊரே அடைத்த மாதிரி இருக்கும். வார்டு ஆபீஸ் டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை மூடியிருக்கும். வங்கி 31-லிருந்து கிடையாது. கிளினிக்குகளும் பெரும்பாலும் லீவுதான். மாத்திரை, கைச்செலவுக்குப் பணம் எல்லாம் முன்னாடியே எடுத்து வையுங்கள். 31 இரவு சோபா சாப்பிட்டுவிட்டு, கோயில் மணி 108 முறை அடிப்பதைக் கேட்கப் போகலாம். ஜப்பானின் பூர்வீக மதமான ஷிண்டோவின் கோயிலில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். புத்தர் கோயிலில் கைதட்டல் இல்லை, நம்மூர்க் கும்பிடு போதும். மோச்சி என்கிற ஒட்டும் அரிசி உருண்டை கொடுத்தால் குழந்தைகளுக்குச் சின்னதாக நறுக்கிக் கொடுங்கள். தொண்டையில் சிக்கி ஆஸ்பத்திரிக்குப் போகிற முதியவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. ஜனவரி 7-க்கு ஏழு வகைக் கீரை போட்ட கஞ்சி. கீரைக் கட்டை சூப்பர் மார்க்கெட்டிலேயே பாக்கெட்டாக வாங்கலாம். ஊறுகாய் தொட்டுக்கொண்டால் வேறென்ன வேண்டும்?

மார்ச் கடைசியில் சகுரா என்கிற செர்ரி மரங்கள் பூக்கும்போது ஆபீஸ் ஆட்கள் பூங்காவுக்குக் கூப்பிடுவார்கள். போங்கள். விரித்த நீல ஷீட்டில் செருப்போடு ஏறக் கூடாது, குப்பையை வீட்டுக்கே எடுத்து வர வேண்டும். காரம் குறைத்த எலுமிச்சை சாதம் கொண்டுபோனால் பாத்திரம் காலியாகத்தான் திரும்பும்.

ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் நமக்கு அந்நியமே இல்லை, ஆடி அமாவாசை மாதிரி முன்னோருக்கான நாட்கள். வெள்ளரிக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் குச்சியில் கால் வைத்துப் படையலில் நிறுத்துவார்கள்: முன்னோர் சீக்கிரம் வந்துசேர வெள்ளரிக் குதிரை, மெதுவாகத் திரும்பிப்போகக் கத்தரி மாடு. மாலையில் தெருவில் வட்டமாக ஆடும் போன் ஓதோரியில் யாரும் சேர்ந்துகொள்ளலாம். முன்னால் நிற்பவரைப் பார்த்து ஆடினால் சரி. யுகாதா என்கிற கோடைக்கால பருத்தி கிமோனோ கட்டினால் இடது பக்கம் மேலே வர வேண்டும். மாற்றிக் கட்டுவது பிணத்துக்கு.

ஊர் சுற்ற நினைத்தால் ஒன்று: புத்தாண்டு, ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் வரும் கோல்டன் வீக் விடுமுறை, ஓபோன் மூன்றிலும் நொசோமி என்கிற புல்லட் ரயிலில் முன்பதிவு இல்லாத பெட்டியே கிடையாது. டிக்கெட் விற்பனை ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்குத் திறக்கும்.