ஹார்ட் டிஸ்க் மக்கர் செய்தால் செய்யக்கூடாதவை

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கம் சாரல் தொடங்கிவிட்டால் கரண்ட் போய்ப் போய் வரும், காற்றிலும் ஈரம் ஏறிவிடும். கல்யாண போட்டோ வைத்திருக்கும் ஸ்டுடியோவானாலும் பத்திரம் எழுதும் கடையானாலும், டிஸ்க் என்றைக்காவது மக்கர் செய்யத்தான் செய்யும். ஆனால் பல நேரம் ஃபைல்கள் அந்தப் பழுதால் தொலைவதில்லை. பழுது தெரிந்ததும் பதற்றத்தில் நாம் செய்கிற காரியங்களால்தான் தொலைகின்றன.

டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே கரண்ட்டை நிறுத்துங்கள். 'இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்று ஆஃப் செய்து ஆன் செய்யாதீர்கள். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழல்கிறது. படிக்கும் ஹெட் அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஹெட் கெட்டிருந்தால் ஒவ்வொரு ஆன்-ஆஃபிலும் தட்டின் காந்தப் பூச்சைச் சுரண்டக்கூடும். சுரண்டிப்போன இடத்தில் இருந்ததை எந்த டேட்டா மீட்பு லேபும் மீட்க முடியாது. தட்டு சுழலாமல் மெலிதாகக் கீச்சிட்டால் ஹெட் தட்டோடு ஒட்டியிருக்கலாம், மோட்டார் இறுகியிருக்கலாம். அதைத் தட்டியோ உலுக்கியோ பார்க்கக் கூடாது.

ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் யோசனையை இன்னும் பலர் சொல்கிறார்கள். குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் அதன்மேல் நீராகப் படியும். சாரல் மாதத்தில் கேட்கவே வேண்டாம். மூடியைத் திறந்து பார்ப்பதும் அதே அளவு கேடு. ஹெட் மிதக்கும் இடைவெளியைவிட ஒரு தூசி பல மடங்கு பெரியது.

சத்தம் எதுவும் இல்லாமல் டிஸ்க் மந்தமாக மட்டும் இருந்தால் டிஸ்க்கின் நலம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 05, சி5, சி6 வரிசைகளைப் பாருங்கள். அங்கே ரா (Raw) மதிப்பு பதினாறடிமான எண்ணில் இருக்கும். அங்கே 10 என்றால் நம் கணக்கில் 16. சி5 ஏறிக்கொண்டே போனால் படிக்க முடியாத செக்டர்கள் (தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்) சேர்கின்றன என்று பொருள். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறுதான், அதை மாற்றிப் பாருங்கள்.

இந்த நிலையில் செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். அது ஃபைல் சிஸ்டத்தின் கணக்கைச் சரிசெய்யும் கருவி. கணக்கு நேராக வேண்டும் என்பதற்காக, பழுதான டிஸ்க்கிலேயே எழுதும், படிக்க முடியாத பதிவுகளை நீக்கியும் விடும். விண்டோஸ் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால் கேன்சல் கொடுங்கள். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவுவதும், மீட்ட ஃபைலை அதிலேயே சேமிப்பதும் மீட்க வேண்டியதை நாமே அழிப்பதாகும்.

ஃபோல்டரைப் பிடித்து காப்பி-பேஸ்ட் செய்வதும் தவறுதான். கெட்ட செக்டர் வந்ததும் விண்டோஸ் அங்கேயே நின்று திரும்பத் திரும்ப முயலும். நல்ல பகுதியை எடுக்கும் முன்பே ஹெட் களைத்துவிடும். முதலில் டிஸ்க் முழுவதையும் இமேஜாக, அதாவது அப்படியே ஒரே ஃபைலாக நகல் எடுக்க வேண்டும். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் போட்ட பென் டிரைவில் கணினியை பூட் செய்து, அதிலுள்ள நகலெடுக்கும் கருவியான டிடிரெஸ்க்யூவை ஓட்டுங்கள். முதல் சுற்றில் கெட்ட இடங்களைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். மீதிக்கு அதிகபட்சம் மூன்று மறுமுயற்சி போதும். இமேஜ் போகும் டிஸ்க்கின் கொள்ளளவு பெரியதாக இருக்கட்டும். அது எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் இமேஜ் 4 ஜிபியிலேயே நின்றுவிடும்.

இங்கே இரண்டு இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. ஒன்று, எது மூல டிஸ்க் (பழுதானது), எது இலக்கு டிஸ்க் (இமேஜ் போவது) என்பது. மாறிவிட்டால் எல்லாம் போச்சு. சீரியல் நம்பரைப் படித்து உறுதிசெய்துகொண்டு பிறகு என்டர் தட்டுங்கள். இன்னொன்று மேப் ஃபைல். எதுவரை படித்தது என்ற குறிப்பு அதில்தான் இருக்கிறது. அதை பென் டிரைவ் சிஸ்டத்தின் ஹோம் ஃபோல்டரில் வைத்தால் ரேமில்தான் இருக்கும், கரண்ட் போனால் அதுவும் போய்விடும். இலக்கு டிஸ்க்கிலேயே வையுங்கள், யுபிஎஸ்ஸும் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல 1 டிபி டிஸ்க்குக்கு மூன்று மணி நேரம் பிடிக்கலாம்; பழுதானதற்கு நாள்கணக்கிலும் ஆகும். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள்கள் எல்லாம் அந்த இமேஜில்தான் ஓட வேண்டும். டிஸ்க்குக்கு விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை முன்பே தேடி வையுங்கள்.

12 வோல்ட் வெளி டிஸ்க்கில் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைச் செருகி, டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு கருகுவதும் உண்டு. அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் போர்டின் ரோம் (ROM) சிப்பிலேயே இருக்கும். பெரும்பாலான டிஸ்க்குகளில் பழைய சிப்பைப் புதிய போர்டுக்கு மாற்றினால்தான் வேலை செய்யும். கருகிய போர்டைத் தூக்கிப் போடாதீர்கள். சில யுஎஸ்பி டிஸ்க்குகளில் பெட்டிக்குள் இருக்கும் சிறு போர்டே தரவை என்க்ரிப்ட் செய்கிறது (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுகிறது), அதனால் அந்தப் பெட்டியையும் சேர்த்தே கொடுங்கள்.

திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ லேபுக்கு அனுப்பும்போது டிஸ்க்கை ஆன்டிஸ்டாட்டிக் கவரில் போட்டு, எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் ஸ்பாஞ்ச் வைத்துக் கட்டுங்கள். என்ன சத்தம் வந்தது, அதற்குப் பிறகு எத்தனை தடவை ஆன் செய்தீர்கள், என்ன மென்பொருள் ஓட்டினீர்கள் என்பதை ஒரு தாளில் மறைக்காமல் எழுதி உள்ளே வையுங்கள்.