நாள்பட்ட நோய்னு வந்துட்டா சீன மருத்துவத்துக்குப் புதுசா வர்றவங்க பண்ற தப்புகள்

எங்க கிளினிக்குக்கு பயிற்சிக்கு வர்ற பசங்களை வருஷா வருஷம் பார்க்கிறேன், சீனாவுல குவாங்சோவுல நாங்க படிக்கிறப்போ எங்க செட்டே பண்ணின அதே தப்பை அச்சு மாறாம பண்றாங்க. மூலிகை பேரை மாத்தி எழுதறது, கிராம் கணக்குல தடுமாறறது, போட்ட அக்குபங்சர் ஊசில ஒண்ணை எடுக்க மறந்துடறது, இதெல்லாம் இங்க எழுதப் போறதில்ல, பக்கத்துல ஒரு சீனியர் நின்னா தானா சரியாயிடும். சுகர், பக்கவாதம், ஹார்ட், கேன்சர் மாதிரி கேஸ்ல நல்லா புத்தகம் படிச்ச பசங்களே செய்யிற தப்பு இருக்கு பாருங்க, அதைத் தான் சொல்ல வர்றேன்.

சீன மருத்துவம் நாள்பட்ட நோயை எப்படி பார்க்குதுன்னு முதல்ல சொல்லிடறேன். உடம்போட சொந்த பலம் செங்சி, உடம்பைக் கெடுக்கிறது சியேசி. புதுசா வந்த காய்ச்சல்ல ரெண்டும் நேருக்கு நேர் மோதும், யார் ஜெயிக்கிறாங்கன்னு சில நாள்ல தெரிஞ்சிடும். வருஷக் கணக்கா இழுக்கிற நோய்ல அப்படி இல்ல, பலமும் குறைஞ்சிருக்கும், உள்ள சளியும் ரத்தத் தேக்கமும் சேர்ந்திருக்கும், ரெண்டும் சிக்கிக்கிட்டு கிடக்கும். சூச்சோவுல வைத்தியம் பார்த்த யே தியான்ஷி (1667–1746) இதைத் தான் சொன்னார், நோய் ஆரம்பத்துல பெரிய நாளங்கள்ல, சின்னு சொல்ற உயிராற்றல் மட்டத்துல இருக்கும், நாளாக நாளாக சின்னச் சின்ன கிளை நாளங்களுக்குள்ள, ரத்தத்துக்குள்ள இறங்கிடும்னு. பழைய மூட்டுவலிக்கும் விடாத தலைவலிக்கும் மண்புழு, தேள் எல்லாம் மருந்துல வர்றது இந்தக் கணக்குல தான். 1830-ல வாங் சிங்ரென்ங்கிற வைத்தியர் வெளியிட்ட நூல்ல பக்கவாதத்துக்கு ஒரு ஃபார்முலா இருக்கு, உடம்போட 10 பங்கு சியில 5 பங்கு போனதால தான் ஒரு பக்கம் விழுந்துச்சுன்னு அவர் கணக்கு, அதனால சியை ஏத்துற ஹுவாங்சி வேர் மட்டும் 4 லியாங் (பழைய சீன எடை) போட்டார், ரத்தத்தை நகர்த்துற மூலிகை எல்லாம் அதுகூட கொஞ்சம் கொஞ்சம் தான். பலத்தையும் தேக்கத்தையும் ஒண்ணா யோசிக்கிறதுன்னா இது தான். இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

நோய் பேரை பார்த்து மருந்து எழுதறது

"லாவ்ஷி (ஆசிரியரே), ஹெபடைடிஸுக்கு எந்த ஃபார்முலா?" இந்தக் கேள்விய நான் கேட்காத மாசமே இல்ல. ஒரே நோய்க்கு ஆளுக்கு ஆள் வேற மருந்து, வேற வேற நோய்க்கு சில சமயம் ஒரே மருந்து, இது தான் இந்த மருத்துவத்தோட அடிப்படையே. இதை விட்டா என்ன ஆகும்னு ஜப்பான் காட்டிடுச்சு. சியாவ் சாய்ஹு தாங்னு ஒரு கஷாயம், ஜப்பான்ல ஷோசாய்கோ தோன்னு சொல்வாங்க, மூல நூல்ல அது குளிரும் காய்ச்சலும் மாறி மாறி வர்ற, விலாப்பக்கம் நிறைஞ்ச மாதிரி இருக்கிற, வாய் கசக்கிற, சாப்பாடு பிடிக்காத ஆளுக்கு. ஜப்பான்ல நாள்பட்ட ஹெபடைடிஸ்னு சீட்டுல இருந்தாலே இதை எழுதற பழக்கம் வந்துடுச்சு, ஆள் வறண்டு போயிருக்காரா வறட்டு இருமல் இருக்கான்னெல்லாம் பெருசா பார்க்கல. 1996 மார்ச்ல அரசாங்கமே எச்சரிக்கை விட்டுச்சு: 88 பேருக்கு நுரையீரல் அழற்சி, அதுல 10 பேர் இறந்துட்டாங்க. இத்தனைக்கும் அது ஃபாக்டரில தரம் பார்த்து பண்ணின மருந்து.

வேரைப் பார்க்கிறேன்னு கிளையை விட்டுடறது

இது தான் எனக்கு இன்னைக்கும் கோபம் வர்ற தப்பு, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

"இங்கிலீஷ் மருந்து அறிகுறிய அமுக்கும், சீன மருந்து வேரை சரி பண்ணும்", விளம்பரத்துல, மருந்துக்கடை சுவத்துல, சொந்தக்காரங்க வாயில எல்லாம் இதைக் கேட்டே வளர்றாங்க. அதனால வேர்னா உசத்தி, கிளைன்னா மட்டம்னு பசங்க மண்டைல ஏறிடுது. பென்னா வேர், பியாவ்னா கிளை நுனி, ரெண்டுல எது முதல்ல எது அப்புறம்னு சீன மருத்துவத்தோட ஆதி நூலான ஹுவாங்டி நெய்ஜிங்ல தனி அத்தியாயமே இருக்கு, சூவென் பகுதில 65-ஆவது. பெரும்பாலும் வேரைத் தான் பாருன்னு வரிசையா சொல்லிட்டு வர்ற அந்த அத்தியாயம் ரெண்டு இடத்துல மட்டும் நின்னு, இல்ல இங்க கிளையைப் பாருன்னு சொல்லுது. ஒண்ணு வயிறு உப்பி நிறைஞ்சு போறது, இன்னொண்ணு மலமோ மூத்திரமோ சரியா இறங்காம நிக்கிறது. வேர் எதுவா வேணா இருக்கட்டும், இந்த ரெண்டு வந்துட்டா முதல்ல அதைத் திறந்து விடணும், இல்லைன்னா வேரை சரி பண்ற வரைக்கும் ஆள் இருக்க மாட்டார்னு அர்த்தம்.

இப்ப கேஸுக்கு வர்றேன். அறுபது வயசு தாண்டின ஒரு அங்கிள், லாரி ஓட்டி ரிட்டையர் ஆனவர், வேற ஒரு இடத்துல ஒரு இளம் சின்சே (சீன வைத்தியர்) கிட்ட சில வாரமா மருந்து எடுத்துட்டு இருந்தார். படபடப்பு, களைப்பு, நாடி விட்டு விட்டு அடிக்குது. ஷாங்ஹான் லுன்ங்கிற பழைய மருத்துவ நூலைப் படிச்சவங்களுக்கு இது வந்த உடனே கை பரபரக்கும், ஏன்னா நாடி விட்டு விட்டு அடிச்சு நெஞ்சு படபடத்தா ச்சி கான்சாவ் தாங், அதாவது அதிமதுரக் கஷாயம்னு அதுல நேரடியா ஒரு வரி இருக்கு. அந்த சின்சேயும் அதையே தான் எழுதியிருந்தார், அதிமதுரம் தாராளமா போட்டு. அது போதாதுன்னு, வேரை சரி பண்ணிட்டு இருக்கோம், அந்த மூத்திர மாத்திரைய கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடுங்க அங்கிள்னு வேற சொல்லியிருக்கார்.

எங்க கிட்ட அவர் வந்தப்போ பயிற்சிப் பையன் ஒருத்தன் பார்த்தான். நாக்கு வெளுப்பு, ஓரத்துல பல் தடம், நாடி இப்படி, கிட்னி யாங் (உடம்புச் சூடு) குறைவு, சத்து ஏத்தணும்னு அழகா ஒப்பிச்சான், ஒரு வார்த்தை தப்பு சொல்ல முடியாது. நான் குனிஞ்சு அவர் காலுறையைக் கீழ இறக்கிட்டு முழங்காலுக்குக் கீழ எலும்பு மேல கட்டை விரலால அமுக்கினேன், குழி விழுந்துச்சு, விரலை எடுத்தும் குழி அப்படியே நின்னுச்சு. ராத்திரி எத்தனை தலையணை வச்சு படுக்கிறீங்க அங்கிள்னு கேட்டேன். மூணு வச்சும் முடியல, நேத்து ஹால்ல நாற்காலில உட்கார்ந்தே தூங்கினேன்னார். மூத்திரம்? காலையில கொஞ்சம், அவ்வளவு தான். சட்டை பட்டன் வயித்துகிட்ட இழுத்துட்டு நின்னுச்சு. அவர் பொண்ணு வெளிய கார்ல இருந்தாங்க, கூப்பிட்டு நேரா எமர்ஜென்சிக்கு போங்க, எந்த மாத்திரையை எப்ப நிறுத்தினாருன்னு டாக்டர் கிட்ட மறக்காம சொல்லுங்கன்னு அனுப்பிட்டேன். நீர் கோத்து நுரையீரல் வரைக்கும் ஏறியிருந்துச்சு, பொட்டாசியம் ரொம்ப இறங்கியிருந்துச்சாம்.

அதிமதுரம் அளவு கூடினா உடம்புல உப்பும் தண்ணியும் தங்கும், பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும். ஹார்ட் பலவீனமா இருக்கிறவருக்கு இது எதிரி. நவீன பார்மகாலஜி படிச்சா தான் இது தெரியும்னு சொல்லாதீங்க, வயிறு நிறைஞ்சு உப்பியிருக்கிறவருக்கு இனிப்புச் சுவை மருந்து ஆகாதுன்னு நம்ம மரபுலயே விதி இருக்கு. அந்த ஃபார்முலாவுல இருக்கிற திஹுவாங் வேரும் கழுதைத்தோல் பசையும் வேற நீர் தேங்கினவருக்கு ஒத்துக்காதது. ஆக அந்த சின்சே தவறவிட்டது சீன மருத்துவத்தையே. ஒரு வரிய மனப்பாடம் பண்ணினார், அந்த ஆளோட காலைத் தொட்டுப் பார்க்கல.

அந்த அங்கிள் வார்டுல இருந்து தேறி வந்தாரு, இப்பவும் வர்றார். ஹார்ட் மாத்திரை எல்லாம் அவரோட ஸ்பெஷலிஸ்ட் சொன்ன அளவுல அப்படியே போகுது, நாங்க பசியையும் தூக்கத்தையும் களைப்பையும் பார்த்துக்கிறோம், எழுதற ஒவ்வொரு மூலிகையும் அந்த டாக்டருக்கும் தெரியும். இதுவும் அதே 65-ஆவது அத்தியாயம் சொன்னது தான், நோய் லேசா இருக்கும்போது வேரையும் கிளையையும் சேர்த்துப் பாரு, கடுமையானா ஒண்ணை மட்டும் பிடின்னு.

சீனாவுல பெரிய சீன மருத்துவ ஆஸ்பத்திரிக்குள்ள போய் பார்த்தா இந்த வேர்–கிளை சண்டையே கிடையாது. ஐசியு இருக்கும், சிடி ஸ்கேன் இருக்கும், காலையில ரவுண்ட்ஸ்ல ஒரே ஃபைல்ல கிட்னி டெஸ்டுல வர்ற கிரியேட்டினினும் நாக்கோட நிறமும் எழுதியிருக்கும். ஊருக்கு வந்த அப்புறம் தான் நம்மாளுங்களுக்கு எங்கிருந்தோ வீம்பு வருது. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்ற உரிமை உங்களுக்கு இல்ல.

நாள்பட்டதுன்னாலே சத்து மருந்து

பழைய நோய்னா பலம் குறைஞ்சிருக்கும், அது வரைக்கும் சரி. ஆனா சளி கட்டி, நாக்குல மஞ்சளா தடிப்பா படிஞ்சிருக்கிறவருக்கு ரென்ஷென், அதாவது ஜின்செங், கொடுத்தா திருடனை உள்ள வச்சுக் கதவைச் சாத்தின கதை தான், சீனாவுலயும் இதே மாதிரி ஒரு சொலவடை இருக்கு. ஜீரணத்தை முதல்ல பாருங்க. லி டோங்யுவான் 13-ஆம் நூற்றாண்டுல வயித்தையும் மண்ணீரலையும் வச்சே ஒரு முழு மரபை உண்டாக்கினார், கஞ்சியே செரிக்காதவருக்கு ஜின்செங் எங்க செரிக்கும்.

கிட்னி

நாடி பார்த்து சொல்ற கிட்னி பலவீனமும் கிட்னி ஃபெயிலியரும் ஒண்ணில்ல. பேஷன்ட் பயந்து போறதுக்கு முன்னாடி நீங்களே விளக்கிடுங்க, ரிப்போர்ட் வாங்கிப் பார்த்துடுங்க.

பழைய நூல்ல இருக்கு, அதனால சேஃப்

90-களோட தொடக்கத்துல பிரஸ்ஸல்ஸ்ல ஒரு உடல் இளைக்கிற கிளினிக்ல ஃபாங்ஜிங்கிற மூலிகைக்கு பதிலா குவாங் ஃபாங்ஜி போயிடுச்சு, பேரும் கிட்டத்தட்ட ஒண்ணு, காய்ஞ்ச வேரும் பார்க்க ஒரே மாதிரி. நூறு பேருக்கு மேல பெண்களுக்கு கிட்னி போச்சு, சிலருக்கு பின்னாடி மூத்திரப் பாதைல கேன்சர். காரணம் அதுல இருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம். சீனாவுக்குள்ளயே முதோங்னு பழைய நூல்கள் சொன்ன கொடியோட இடத்துல குவான் முதோங் வந்து உட்கார்ந்திருந்துச்சு, அதே அமிலம், அதைப் போட்டுச் செஞ்ச லோங்டான் சியேகான் மாத்திரை மாசக்கணக்கா சாப்பிட்டவங்க பாதிக்கப்பட்டாங்க, 2003-ல தான் அதை எடுத்தாங்க. பழைய வைத்தியர் அஞ்சு நாளைக்கு எழுதினதை நீங்க நாள்பட்ட நோய்க்கு அஞ்சு மாசம் கொடுக்கிறீங்க, கிட்னி மெதுவா கெடும்போது நாடி அதைச் சொல்லாது. மாசக்கணக்குல மருந்து போனா லிவர், கிட்னி டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க.

வார்ஃபரின்

ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற இந்த மாத்திரையை சாப்பிடுறாரான்னு கேட்காம டான்ஷென், டாங்குய் மாதிரி ரத்தத்தை நகர்த்துற மூலிகை எழுதாதீங்க. ரத்தம் நிக்காது.

கேன்சர்ல வாக்குக் கொடுக்கிறது

எல்லாரும் ஆர்சனிக் கதையை எடுத்துட்டு வருவாங்க. உண்மை தான், 70-கள்ல ஹார்பின்ல சாங் திங்டோங் குழு ஒரு நாட்டு மருந்தை எடுத்து ஆராய்ஞ்சாங்க, அதுல ஆர்சனிக், பாதரசம், தேரை விஷம் மூணும் இருந்துச்சு, வேலை செய்யிறது ஆர்சனிக் மட்டும் தான்னு கண்டுபிடிச்சு மத்ததை நீக்கினாங்க, அப்புறம் ஷாங்காய்லயும் ஆராய்ச்சி நடந்து 2000-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. ஆனா அது ப்ரோமைலோசைட்டிக் லுகேமியான்னு ஒரே ஒரு வகை ரத்தக் கேன்சருக்கு, ஆஸ்பத்திரில ஈசிஜி பார்த்துப் பார்த்து ஊசி வழியா ஏத்துற மருந்து. அதைச் சொல்லி மார்பகக் கட்டியோட வர்ற அக்காவுக்கு கஷாயம் கொடுத்து மூணு மாசம் பார்க்கலாம்னு சொன்னா அது அநியாயம், அந்த மூணு மாசத்தை யாரும் திருப்பித் தர முடியாது. கீமோ வாந்திக்கு அக்குபங்சர் ஊசி போடுங்க, பசிக்கு, களைப்புக்கு ஆன்காலஜிஸ்ட்டைக் கேட்டு மருந்து கொடுங்க, சீனாவுலயே ஃபூசெங்னு சொல்லி பலத்தைத் தாங்கிப் பிடிக்கிற வேலையைத் தான் பெரும்பாலும் பண்றாங்க. அது ஒண்ணும் சின்ன வேலை இல்ல, ஒரு கிண்ணம் சூப் உள்ள போய் தங்குச்சுன்னா அந்தக் குடும்பத்துக்கே அன்னைக்கு தெம்பு.

வாராவாரம் ஃபார்முலாவை மாத்தறது

பேஷன்ட் "இன்னும் அப்படியே இருக்கு"ன்னு சொன்ன உடனே பதறிப் போய் முழுசா மாத்திடறாங்க. அவசர நோய்க்கு துணிச்சலும் தெளிவும் வேணும், நாள்பட்ட நோய்க்கு ஒரு ஃபார்முலாவும் அதை விடாம பிடிச்சுக்கிற பொறுமையும் வேணும்னு பெய்ஜிங்ல இருந்த வைத்தியர் யுவே மெய்சோங் சொல்லிட்டு போனார், எங்க ஆசிரியர் ஒவ்வொரு ரவுண்ட்ஸ்லயும் இதை சொல்வார். பொறுமைன்னா கண்ணை மூடிட்டு கொடுக்கிறது இல்ல, ஒவ்வொரு வாட்டியும் தூக்கம், பசி, மலம், கால் வீக்கம், நாடி எல்லாத்தையும் அதே வரிசைல எழுதுங்க, அப்ப தான் மெதுவா நகர்றது கண்ணுக்கு தெரியும். நாக்கை ஒரே இடத்துல ஒரே வெளிச்சத்துல ஃபோட்டோ எடுங்க, வர்ற வழியில கோப்பி குடிச்சிட்டு வந்தாரான்னு கேட்டுட்டு எடுங்க, கோப்பி குடிச்ச நாக்குல மஞ்சள் படிவம்னு எழுதி சூட்டைத் தணிக்கிற மருந்து கொடுத்த பசங்களை நான் பார்த்திருக்கேன்.