கரண்ட் போனாலும் போனும் விளக்கும் ஓட, குடும்பப் படங்கள் பத்திரமாக இருக்க

2015 வெள்ளத்தையும் 2016 வர்தா புயலையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் தவிப்பது புதிதல்ல. 50 வாட் சோலார் பேனல், பேட்டரிக்கு அளவாக மின்சாரம் ஏற்றும் சார்ஜ் கன்ட்ரோலர், 12 வோல்ட் பேட்டரி இருந்தால் போன், சின்ன விளக்குகளுக்குக் கவலையில்லை. கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணையுங்கள், அப்புறம்தான் பேனல். மொட்டைமாடியில் தெற்குப் பார்த்து, சுமார் 13 டிகிரி சாய்வு போதும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஓரத்தில் விழுந்தாலே மின்சாரம் சட்டென்று குறையும். புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

அடுத்து, குடும்பப் படங்கள். அவற்றைப் பென்டிரைவில் போட்டு வருடக்கணக்கில் பீரோவில் பூட்டாதீர்கள். மின்சாரமே பார்க்காமல் கிடந்தால் பதிவு மெல்ல அழியலாம். ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று வெளியூர் சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். இன்னொன்றை, நம்மூர் கடற்காற்றின் ஈரம் படாமல், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள்.