ஹீலியோஸ் 44-2 vs புது 50 எம்எம்: பழைய லென்ஸோட லுக்கை நீங்களே டெஸ்ட் பண்ணி பாருங்க

பழைய லென்ஸ் போட்டோ சூப்பரா இருக்கேன்னு நிறைய பேர் கேக்குறாங்க. ஆனா அந்த லுக்குல எவ்வளவு லென்ஸால வந்துச்சு, எவ்வளவு எடிட்டிங்ல வந்துச்சு, எவ்வளவு சாயங்கால வெயிலால வந்துச்சுன்னு போட்டோவ மட்டும் பாத்து சொல்லவே முடியாது. ரெண்டு லென்ஸையும் ஒரே இடத்துல வச்சு எடுத்து பாத்தாதான் தெரியும். ஒரு சாயங்காலம் போதும்.

நான் இங்க எடுத்துக்குறது ஹீலியோஸ் 44-2, 58 எம்எம் எஃப்2 (எஃப் நம்பர் குறைஞ்சா வெளிச்சம் உள்ள போற ஓட்டை பெருசு). சோவியத் ஜெனிட் கேமராவோட வந்த லென்ஸ், ஜெர்மனியோட கார்ல் சைஸ் ஜெனா பயோட்டார் டிசைன்ல இருந்து வந்தது, உள்ள மொத்தமே 6 கண்ணாடிதான். எதிர்ல நிக்கான் இசட் 50 எம்எம் எஃப்1.8 எஸ், அதுல 12 கண்ணாடி, அதுல ரெண்டு ஆஸ்பெரிக்கல் (முழு உருண்டை வளைவு இல்லாத கண்ணாடி). உங்ககிட்ட வேற கம்பெனி 50 எம்எம் இருந்தாலும் இதே மாதிரி பண்ணலாம்.

வாங்கும்போது: லென்ஸ் வழியா டார்ச் அடிச்சு பாருங்க, உள்ள சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா ஃபங்கஸ், வேண்டாம். நம்ம ஊர் ஈரத்துக்கு அது இன்னும் பரவும்.

மாட்டுறது: எம்42 (இந்த லென்ஸோட திருகு மவுன்ட்) அடாப்டர் வேணும். மிரர்லெஸ் கேமரான்னா உள்ள கண்ணாடி இல்லாத வெறும் ட்யூப் அடாப்டர் போதும். பழைய நிக்கான் எஃப் மவுன்ட் டிஎஸ்எல்ஆர்ல கண்ணாடி வச்ச அடாப்டர் இல்லாம இன்ஃபினிட்டி ஃபோகஸ் (ரொம்ப தூரத்துல உள்ளதுக்கு ஃபோகஸ்) கிடைக்காது, அந்த கண்ணாடி குவாலிட்டியையும் கெடுக்கும், அதனால டெஸ்டுக்கு அது சரிப்படாது. சில கேமரா லென்ஸே இல்லன்னு நினைச்சு ஷட்டர் விழாம நிக்கும், மெனுல லென்ஸ் இல்லாம எடுக்குற ஆப்ஷனை ஆன் பண்ணுங்க. ஃபோகஸ் பீக்கிங்கும் (ஃபோகஸ் ஆன ஓரத்த கலர்ல காட்டுற வசதி) ஆன் பண்ணிக்கோங்க. 44-2ல அப்பர்ச்சருக்கு, அதாவது அந்த ஓட்டைக்கு, ரெண்டு ரிங் இருக்கும், முன்னாடி உள்ளதுல நம்பர் வைக்கணும், அடுத்தத திருப்பினா அந்த நம்பர் வரைக்கும் மூடும். முதல்ல குழப்பும், கொஞ்ச நேரத்துல கை பழகிடும்.

செட்டிங்: ட்ரைபாட், மேனுவல் மோட், ரா ஃபைல் (கேமரா ப்ராசஸ் பண்ணாத ஃபைல்), ஐஎஸ்ஓ மாத்தாதீங்க, ஒயிட் பேலன்ஸ 5500 கெல்வின்ல ஃபிக்ஸ் பண்ணுங்க. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் விட்டீங்கன்னா கலர்ல வர்ற வித்தியாசத்த கேமராவே சரி பண்ணிடும், அப்புறம் எத கம்பேர் பண்றது? ரெண்டுலயும் எஃப்2 வைங்க.

இப்ப முக்கியமான விஷயம். 58ம் 50ம் ஒரே ஃப்ரேம் தராது, அதுக்காக ட்ரைபாட முன்னாடி நகர்த்தாதீங்க. தூரம் மாறினா முகத்துக்கும் பின்னாடி உள்ளதுக்கும் இருக்குற அளவு மாறிடும், அது லென்ஸோட குணம் இல்ல. நகராம எடுத்துட்டு 50 எம்எம் போட்டோவ அகலம் உயரம் ரெண்டுலயும் 86 சதவீதத்துக்கு க்ராப் பண்ணிக்கோங்க. அப்பவும் ஹீலியோஸ்ல பின்னாடி கொஞ்சம் கூட ப்ளர் ஆகும், ஏன்னா எஃப்2ல அதோட ஓட்டை 29 எம்எம், 50ல 25 எம்எம். அதனால ப்ளர் எவ்வளவு பெருசுன்னு பாக்காதீங்க, என்ன ஷேப்புன்னு பாருங்க.

முதல் டெஸ்ட், சுழல்: ஆள ஒன்றரை ரெண்டு மீட்டர்ல நிக்க வைங்க, அவருக்கு பின்னாடி ஆறேழு மீட்டர் தள்ளி இலைக்கு நடுவுல வெளிச்சம் தெரியற மரம் இருக்கணும். வேப்ப மரம் அருமையா இருக்கும், ஏன்னா இலை சின்னது, ஓட்டை நிறைய. ஹீலியோஸ்ல நடுவுல வட்டமா இருக்குற வெளிச்சப் புள்ளி ஓரத்துக்கு போகப் போக பூனைக்கண் மாதிரி நசுங்கி நடுவ சுத்தி வரிசையா நிக்கும். சாய்வா வர்ற வெளிச்சத்த லென்ஸோட விளிம்பு வெட்டுறதால வர்ற ஷேப் அது. புது லென்ஸ்லயும் கொஞ்சம் நசுங்கும், ஆனா சுத்துற மாதிரி தெரியறது ரொம்ப கம்மி. சின்ன சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமரால ஓரம் வெட்டுப்படுறதால சுழல் பாதி போயிடும், ஃபுல் ஃப்ரேம்லதான் இத முழுசா ரசிக்க முடியும்.

அடுத்தது எதிர் வெயில்: சூரியன் இறங்குற நேரம், ஃப்ரேமுக்கு கொஞ்சம் வெளிய இருக்கட்டும். ஆப்டிகல் வியூஃபைண்டர் கேமரான்னா சூரியன நேரா பாக்கவே கூடாது, கண்ணு போயிடும். 44-2ல எதிரொளிப்ப குறைக்க கண்ணாடி மேல பூசுற கோட்டிங் சாதாரணமானது, அதனால கருப்பெல்லாம் வெளுத்து போட்டோ முழுக்க ஒரு மெல்லிய திரை விழும். புதுசுல கருப்பு கருப்பாவே நிக்கும். கல்யாண போட்டோக்கு புதுசுதான் நிம்மதி, ஆனா முடி ஓரத்துல வெயில் உருகி வழியற அந்த ஃபீல் எனக்கு பழசுலதான் பிடிக்கும்.

ஷார்ப்னெஸுக்கு ஒரு செங்கல் சுவர் போதும், எஃப்2, எஃப்4, எஃப்8ல எடுங்க. எஃப்2ல ஹீலியோஸ் நடுவுல ஓகே, மூலைல மெழுகு மாதிரி மங்கலா இருக்கும். எஃப்8ல நடுவுல வித்தியாசம் கண்டுபிடிக்கவே கஷ்டம், அதனால பழைய லென்ஸோட அப்பர்ச்சர மூடி வச்சு எடுத்துட்டு லுக் வரலன்னு சொல்லாதீங்க.

கம்ப்யூட்டர்ல போட்டதும் புது லென்ஸோட குறைய சாஃப்ட்வேரே சரி பண்ற ப்ரொஃபைல் கரெக்‌ஷன ஆஃப் பண்ண முடிஞ்சா பண்ணுங்க. அப்புறம் புது லென்ஸ் ஃபைல்ல கான்ட்ராஸ்ட குறைச்சு, கலர வார்ம் ஆக்கி பாருங்க, கலர்ல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாயிடும். சுழலையும் அந்த வெயில் திரையையும் மட்டும் ஸ்லைடர்ல அவ்வளவு இயல்பா கொண்டு வர முடியாது. அது ரெண்டும் வேணும்னாதான் ஹீலியோஸுக்கு காசு போடுங்க, வெறும் வார்ம் கலருக்காகன்னா வேண்டாம். போர்ட்ரெய்ட் எடுக்கும்போது முகத்த நடுப்பக்கமா வைங்க, எஃப்2ல ஓரத்துக்கு தள்ளினா சுழலோட சேர்ந்து கண்ணும் சாஃப்ட் ஆயிடும்.